ஒரு சாண் குறைந்த நிலை

அன்புள்ள சார்,

மூன்று வருடமாக ஒரு கதையைக்கூட முடிக்கவில்லை. நான் வளர்ந்த வீட்டை விற்று, வாங்கியவர்கள் இடித்தும்விட்டார்கள். அங்கே போய் நின்றால் எழுத்து திரும்புமா? மேட்டூர் அணையில் மூழ்கிய பாட்டி ஊரைப் பார்த்த பிறகுதான் மறுபடி எழுத வந்தது என்று ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். நினைவே ஓர் அணைதானே! எழுதக் காலை நல்லதா, இரவா? ஒரு கதையும் இணைத்திருக்கிறேன்.

கவிதா

அன்புள்ள கவிதா,

காலையா இரவா என்பது உங்கள் வீட்டுச் சமாச்சாரம். அந்த அணை வரியை மட்டும் உடனே அடித்துவிடுங்கள். அணை என்றால் 120 அடி, 93.47 டி.எம்.சி. அதற்காக ஊரைக் காலி செய்தவர்கள் யாரும் அதை உவமையாக்கி நான் கேட்டதில்லை.

நான் போனது 2003 வறட்சியில். பண்ணவாடியில் தண்ணீர் வற்றி ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே நின்றது. நானும் நெஞ்சு விம்மத் தயாராகத்தான் போனேன். பக்கத்தில் எள் விதைத்திருந்தவர், "ஓரமா போங்க, மிதிச்சிராதீங்க" என்றார். விம்மல் அத்தோடு சரி.

1934இல் அணை கட்டி முடித்தபோது பாட்டி புதுப்பெண். அழுதுகொண்டே ஊரைவிட்டு வந்தாள் என்று இரண்டு கதை எழுதியிருந்தேன். கொளத்தூரில் சின்னத் தாத்தாவிடம் அதைச் சொன்னதும் சிரித்தார். "அழுவறதுக்கு அவளுக்கு ஏது நேரம்? வாசல் நிலையைப் பேத்து வண்டியில ஏத்தச் சொல்லி எல்லாரையும் வெரட்டிக்கிட்டில்ல இருந்தா!" புது வீட்டுச் சுவர் குட்டை. நிலை நுழையவில்லை. அடியில் ஒரு சாண் அறுத்தார்களாம்.

அந்த வாசற்படியில் உட்கார்ந்துதான் பதினைந்து வருடம் சோறு தின்றேன். நிலையில் செதுக்கிய கொடி இரண்டு பக்கமும் வேரில்லாமல் பாதியில் தொடங்கும். தச்சனுக்கு வேலை தெரியவில்லை என்றே நினைத்திருந்தேன்.

உங்கள் கதைக்கு வருகிறேன். அம்மா ஜன்னலோரம் நின்று கண்கலங்குகிறார். எந்த ஜன்னல்? கம்பி நெடுக்கா, குறுக்கா? வீடு விற்ற அன்று அடுப்பில் என்ன இருந்தது? அவர் உண்மையில் அழுதாரா, இல்லை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனாரா? அம்மா இருக்கிறார் அல்லவா, கேட்க என்ன கேடு? இடித்த வீட்டின் கதவு ஜன்னல் ஏதாவது பழைய மரக்கடைக்குப் போயிருக்கும். அதையாவது விசாரித்தீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், கவிதா. என் இரண்டு கதையும் இதே அழுகைதான்.

அன்றைக்கே கடைசி பஸ் பிடித்து ஊர் திரும்பினேன். எல்லாரும் தூங்கிய பிறகு டார்ச் அடித்து நிலையின் அடியைத் தடவிப் பார்த்தேன். ரம்பம் கோணலாகப் போயிருந்தது. விடியும்வரை எழுதினேன். நந்தி அதில் வரவே இல்லை.