உரிமைத் தொகை வருகிறது, வட்டிக்குப் போகிறது

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். இரண்டு வீடுகளில் சமையல் வேலை, மாதம் 9,000 ரூபாய். கணவர் பெயிண்டர், மழை பிடித்தால் வேலை இல்லை. எனக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. அதைத் தபால் நிலையத்தில் ஆர்.டி. போடலாமா? சேமிப்பு இருப்பது தெரிந்தால் தொகையை நிறுத்திவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போன மாதம் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று வங்கியில் 236 ரூபாய் பிடித்துவிட்டார்கள். தெருவில் அஞ்சு வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய் கடனும் இருக்கிறது.

பதில்: கடனைப் போகிறபோக்கில் கடைசியில் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். 20,000-க்குச் சரியாக 1,000! 15-ம் தேதி வாக்கில் அரசு போடும் பணம் அப்படியே வட்டிக்காரர் கைக்குப் போகிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆர்.டி.யில் மாதம் 1,000 போட்டால் 6.7 சதவீத வட்டியில் 5 வருடம் கழித்து 71,000 சொச்சம் வரும். நல்ல தொகைதான். ஆனால் அதே 5 வருடத்தில் வட்டியாக மட்டும் 60,000 கொடுத்திருப்பீர்கள், கடனும் அப்படியே நிற்கும். ஆர்.டி. காத்திருக்கட்டும்.

கம்மல், மோதிரம் ஏதாவது இருக்கிறதா? தாலியைத் தொட வேண்டாம். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வைத்து வெளிக்கடனை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். அங்கே வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குள்தான். மாதம் 1,000 கட்டினால் வட்டி போக 800 அசலில் கழியும். இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். வருடம் முடியும்போது அடகைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். நகையே இல்லையென்றால் உங்கள் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுவில் கேளுங்கள்.

அக்கா பயப்படுவது வீண். 2023-ல் திட்டம் தொடங்கியபோது பார்த்தது குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கிறதா, மின்சாரம் வருடம் 3,600 யூனிட்டைத் தாண்டுகிறதா, கார் இருக்கிறதா, வருமான வரி கட்டுகிறார்களா என்பது போன்றவற்றைத்தான். சின்ன ஆர்.டி.யை யாரும் கேட்கவில்லை.

அந்த 236 ரூபாய்தான் எனக்கு எரிச்சல். வங்கிக்குப் போய், ‘என் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்றால் கவுன்ட்டரில் புரியும். அதற்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.