நாயகனின் கதைக்குள் வந்துபோகும் மீத்திறனாளிகள்: கேள்வி பதில்

சூப்பர்ஹீரோ தொடர்களில் ஓரிரு அத்தியாயங்களுக்கு மட்டும் தலைகாட்டும் நல்லவர்களையும் வில்லன்களையும் எழுதுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகத் தொடர்கதை எழுதிவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் தருகிறேன்.

கேள்வி: என் நாயகிக்குச் சுவர்களை ஊடுருவிச் செல்லும் ஆற்றல் மட்டுமே உண்டு. மூன்று அத்தியாயங்களுக்காக நான் கொண்டுவந்த விருந்தினர் நாயகனோ பறக்கிறான், பாறைகளைப் பெயர்க்கிறான். வாசகர்கள் இப்போது அவனைப் பற்றியே பேசுகிறார்கள். அவனது பலத்தைக் குறைத்துவிடலாமா ஐயா?

பலத்தைக் குறைக்க வேண்டாம். அந்தப் பலத்தால் மட்டும் தீராத சிக்கல் ஒன்றில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். சரியும் நிலையில் இருக்கும் ஒரு கட்டடத்துக்குள் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள், எந்தச் சுவரை உடைத்தாலும் மொத்தமும் விழும் என்று வைத்துக்கொள்வோம். பாறையைப் பெயர்ப்பவன் அங்கே கூரையைத் தாங்கியபடி அசையாமல் நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது. உள்ளே போகக்கூடியவள் உங்கள் நாயகி ஒருத்திதான். அவன் களைத்துக்கொண்டிருக்கும்போது யாரை முதலில் வெளியே கொண்டுவருவது என்ற முடிவும் அவளுடையதே. சண்டையில் விருந்தாளி வென்றுவிட்டுப் போகட்டும், அதில் தவறில்லை. ஆனால் கதையைத் திருப்பும் முடிவை அவனிடம் கொடுத்துவிட்டால் தொடரே அவனுடையதாகிவிடும்.

1966ஆம் ஆண்டு ஜூலை மாத இதழில், ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் நான்கு மீத்திறனாளிகள் கொண்ட குழுவின் கதையான 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸில் பிளாக் பேந்தரை அறிமுகப்படுத்திய விதத்தைப் பாருங்கள். அவன் நால்வரையும் தன் நாட்டுக்கு அழைத்து, தன்னைச் சோதித்துக்கொள்வதற்காக அவர்களை ஒருவர்பின் ஒருவராக வேட்டையாடிப் பிடிக்கிறான். (அங்கே உண்மையில் விருந்தாளிகள் அந்த நால்வர்தான்.) பிடிபட்டவர்களை விடுவிப்பவனோ, எந்த மீத்திறனும் இல்லாமல் அவர்களுடன் வந்திருந்த நண்பன். புதியவனின் திறமையும் குன்றவில்லை, தொடரின் நாயகர்களான நால்வரும் சிறுமைப்படவும் இல்லை.

கேள்வி: விருந்தினர் பாத்திரத்துக்கு எந்த ஆற்றலைத் தருவது என்று எப்படி முடிவு செய்வது?

இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னாலே போதும். என் முதல் தொடரில், ஒரே ஒரு அத்தியாயத்தைச் சுவையாக்கும் ஆசையில், காலத்தை நிறுத்தக்கூடிய ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். அத்தியாயம் நன்றாகவே அமைந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள், நாயகன் ஆபத்தில் சிக்கிய ஒவ்வொரு முறையும், "அந்தப் பெண்ணை அழைத்தால் என்ன?" என்று வாசகர்கள் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அவளை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். காலத்தையே நிறுத்துபவளுக்குத் தூரம் ஒரு தடையா என்று அதையும் மடக்கினார்கள்.

அன்றிலிருந்து, விருந்தாளி விடைபெற்றுப் போன பிறகு அவரது ஆற்றல் என் கதைக்குள் எங்கெங்கே உயிரோடு இருக்கும் என்பதைத்தான் முதலில் கணக்கிடுகிறேன். குறுகிய ஆற்றலே நல்லது. "மனங்களைப் படிப்பவன்" என்பதைவிட "தன்னைப் பார்த்துப் பயப்படுகிறவர்களின் மனத்தை மட்டும் படிப்பவன்" என்பது ஒரு அத்தியாயத்துக்கு மேலான தீனி தரும். ஏனெனில் அவன் எதையேனும் அறிய வேண்டுமென்றால் முதலில் யாரையாவது அச்சுறுத்தியாக வேண்டும், அப்படிப்பட்டவன் எத்தனை நாள் நல்லவனாக நீடிப்பான் என்ற கேள்வி தானாகவே எழுந்துவிடும். ஆற்றலுக்கு அவர் கொடுக்கும் விலையையும் முதல் காட்சியிலேயே காட்டிவிடுங்கள். இக்கட்டான கட்டத்தில் திடீரென்று முளைக்கும் பலவீனம் ஆசிரியரின் வசதிக்காக வந்தது என்பதை வாசகர் உடனே கண்டுகொள்வார்.

கேள்வி: ஒரே அத்தியாயத்தில் தோன்றி மறையும் வில்லனுக்கு ஆழம் தருவது சாத்தியமா? முன்கதை எழுதப் புகுந்தால் பாதி அத்தியாயம் அதிலேயே போய்விடுகிறது.

சாத்தியமே. முன்கதையைத் தனிப் பகுதியாக எழுதுவதால்தான் இடம் போதவில்லை. அவனுடைய ஆற்றலும் துயரமும் ஒரே பொருளாக இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டியது மிகக் குறைவு.

இதற்கு மிஸ்டர் ஃப்ரீஸை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1959இல் பேட்மேன் காமிக்ஸில் மிஸ்டர் சீரோ என்ற பெயரில் அறிமுகமானபோது அவன் உறைபனித் துப்பாக்கியோடு திரியும் சாதாரணத் திருடன். 1992இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரின் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அத்தியாயத்தில், எழுத்தாளர் பால் டினி அவனுக்குத் தீராத நோயால் உறைநிலையில் வைக்கப்பட்ட ஒரு மனைவியைக் கொடுத்தார். அவளைக் காக்கும் முயற்சியை நிறுவனத் தலைவர் ஒருவர் நிறுத்தியபோது நேர்ந்த விபத்தில், குளிருக்கு வெளியே உயிர்வாழ முடியாதவனாக அவன் மாறிவிடுகிறான். இப்போது அவன் வீசும் பனி ஒவ்வொன்றும் அந்த இழப்பைத்தான் சொல்கிறது. ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடங்களே ஓடும் அத்தியாயம் அது. தொடக்கத்தில் அவன் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் நடனப் பொம்மை ஒன்றோடு பேசுகிறான். காரணம் நமக்குப் பின்னர்தான் தெரியவருகிறது.

அதே அத்தியாயத்தில் நான் மிகவும் ரசிப்பது வேறொன்று. சளி பிடித்த பேட்மேனுக்கு அவனது வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் சூடான கோழி சூப் கொடுத்தனுப்புகிறார். நாம் அதை நகைச்சுவை என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம், கடைசியில் வில்லனின் தலைக்கவசத்தை உடைப்பது அந்தச் சூப்தான். குளிரில் வாழ்பவனை வீழ்த்த, ஒரு வீட்டின் அக்கறையே போதுமானதாக இருக்கிறது. பேட்மேனுக்காக ஒருவர் கவலைப்படுகிறார். மற்றவனுக்காகக் கவலைப்பட யாருமில்லை. இவ்வளவையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கேள்வி: அத்தியாய முடிவில் வில்லனைக் கொன்றுவிடலாமா?

பொதுவாக வேண்டாம். 1940இல் பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழிலேயே பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் இறந்துபோவதாகத்தான் இருந்தது; பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டதால், அவன் பிழைத்துக்கொள்வதாக ஒரு படக்கட்டம் சேர்க்கப்பட்டது. அவனுடைய கதை முழுவதுமாகத் தீர்ந்துபோயிருந்தால் மட்டும் சாகட்டும்.

கேள்வி: நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க முடியாத விருந்தினரை எழுதினால் வாசகர்கள் குழம்புவார்களா?

அவர் எந்த எல்லையைத் தாண்டுவார், எதைத் தாண்டமாட்டார் என்பதை நீங்கள் தெளிவாக அறிந்திருந்தால் குழம்பமாட்டார்கள். பனிஷர் 1974இல் ஸ்பைடர்மேன் காமிக்ஸில் ஒரு கொலையாளியாகவே நுழைந்தான். ஸ்பைடர்மேன் கொலைக் குற்றவாளி என்று இன்னொருவன் சொன்னதை நம்பி அவனைக் கொல்ல வருகிறான். நோக்கம் நேர்மையானது, தகவல் பொய், வழிமுறை கொடூரம். அவனோடு மோதும்போது, குற்றவாளியைக் கொல்லாமல் பிடித்துக் கொடுப்பது ஏன் என்ற கேள்விக்கு ஸ்பைடர்மேன் செயலால் விடைசொல்ல வேண்டியதாகிறது. உங்கள் நாயகன் இதுவரை சிந்திக்காமலே பின்பற்றிவரும் கொள்கை ஒன்றைக் கண்டுபிடித்து, அதை மறுப்பவரை விருந்துக்கு அழையுங்கள்.

கேள்வி: என் விருந்தினர் பாத்திரத்துக்கு ஏகப்பட்ட வரவேற்பு. நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். ஆனால் சில விருந்தாளிகள் வீட்டுப் பிள்ளைகளாகிவிடுவதும் உண்டு. மேலே சொன்ன பேட்மேன் அனிமேஷன் தொடரில், ஜோக்கரின் உதவியாளாக ஒரே அத்தியாயத்துக்கென்று 1992இல் உருவாக்கப்பட்ட ஹார்லி குவின், மறு ஆண்டே காமிக்ஸுக்குள் புகுந்துவிட்டாள். தொலைக்காட்சியிலிருந்து காமிக்ஸுக்குப் பயணித்த பாத்திரம் என்பதே அப்போது அரிது. அவளை நிலைநிறுத்தியது குறும்பு மட்டுமன்று; ஜோக்கரை நேசிக்கும் ஒருத்தி பக்கத்தில் இருந்ததால், அவனைப் பற்றி இதுவரை எழுத முடியாதிருந்த கதைகளை எழுத முடிந்தது. உங்கள் பாத்திரத்துக்கும் அதே சோதனையை வையுங்கள். அவர் தங்கினால் மட்டுமே எழுதக்கூடிய மூன்று கதைகள் உங்களிடம் இருக்கின்றனவா? இல்லையென்றால் கைதட்டல் ஓயுமுன் வழியனுப்பிவிட்டு, ஓர் ஆண்டு கழித்து மீண்டும் அழைக்கலாம்.

கேள்வி: விருந்தினரை வைத்துத் தனித்தொடர் தொடங்கும் எண்ணம் உண்டு. அவரது ஆற்றல் முழுவதையும் இந்தத் தொடரிலேயே காட்டிவிடலாமா?

காட்டாமலே கூட இருக்கலாம். 'ஆரோ' தொலைக்காட்சித் தொடரில், பின்னாளில் அதிவேக நாயகன் ஃபிளாஷாக மாறும் பாரி ஆலன் 2013 டிசம்பரில் இரண்டு அத்தியாயங்களுக்கு வந்தபோது எந்த ஆற்றலும் இல்லாத தடயவியல் உதவியாளனாகவே உலவினான். இறுதியில் மின்னல் தாக்குகிறது, அவ்வளவுதான். 'தி ஃபிளாஷ்' தனித்தொடர் அடுத்த ஆண்டு தொடங்கியது. மின்னலுக்கு முன்பே அவனை நமக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: ஒரே அத்தியாயத்தில் விருந்தினர் நாயகன், விருந்தினர் வில்லன் என இருவரையும் கொண்டுவரலாமா அண்ணா?

கொண்டுவரலாம், ஆனால் அவர்கள் இருவருக்குள்ளேயே பழைய பகையை வைத்துவிடாதீர்கள். வைத்தால் உங்கள் நாயகன் சொந்த வீட்டில் வேடிக்கை பார்க்க நேரிடும். வில்லனோடு பழைய பழக்கம் உங்கள் நாயகனுக்கு இருக்கட்டும். வந்திருக்கும் நல்லவருக்கு அது கடைசிக்கு முந்தைய காட்சியில் தெரியவரட்டும்.