1962இல் நேரு விலகினால்: உங்கள் கதையின் காலக்கோடு

சீனப் போர்த் தோல்விக்குப் பிறகு 1962 நவம்பரில் நேருவை இறக்கி, "காங்கிரஸ் தலைவர் காமராஜர்" சாஸ்திரியைப் பிரதமராக்குவதாக எழுதுகிறீர்கள். இடறுவது இங்கேதான். அப்போது காமராஜர் சென்னை மாகாண முதல்வர். கட்சித் தலைவரானது 1964இல். 1962இல் தலைவர் சஞ்சீவய்யா.

நம்பிக்கையில்லாத் தீர்மானமும் எடுபடாது. காங்கிரசுக்கு மக்களவையில் 361 இடம். 1963 ஆகஸ்டில் எதிர்த்தரப்பு எம்.பி. கிருபளானி கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 62தான், எதிர்ப்பு 347. அடி கட்சிக்குள்ளிருந்துதான் விழ வேண்டும்.

அதற்குத் தோதான தொடக்கம் நவம்பர் 7. கட்சி எம்.பி.க்களின் நெருக்கடி தாங்காமல், பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனனை நேரு அன்றுதான் கைவிட்டார். உங்கள் கதையில் கைவிட மறுக்கட்டும். நவம்பர் 19க்குள் வடகிழக்கு எல்லைப் பகுதியின் பொம்டிலா நகரம் சீனாவிடம் விழுந்துவிடும். அந்தக் கோபம் நேராக நேருமேல் திரும்பும். ஆனால் 21ஆம் தேதி சீனா போர்நிறுத்தம் அறிவித்துவிடுகிறது, சூடு தணிந்துவிடும். ராஜினாமாவை 19, 20க்குள் வையுங்கள்.

குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முதலில் ஒரு மூத்த அமைச்சரை இடைக்காலப் பிரதமராக்குவார். 1964இல் நேரு இறந்தபோது குல்சாரிலால் நந்தாவுக்கு நடந்தது அதுதான். பிறகு? காமராஜர் டெல்லியில் இல்லாத களத்தில் சாஸ்திரியைவிட நிதியமைச்சர் மொரார்ஜிக்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. கதைக்கும் அதுதான் சுவாரசியம்.