மின் பெட்டி வாங்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிறிய மரவேலைப் பட்டறை ஒன்றை நடத்துகிறோம். சுவரில் பொருத்திய பலகையில் சுவிட்சுகளும் ஃபியூஸ்களும் பல ஆண்டுகளாகத் திறந்தபடியே இருக்கின்றன. எல்லாவற்றையும் மூடிய உலோகப் பெட்டிக்குள் மாற்ற வேண்டும் என்று மின்பணியாளர் சொல்கிறார். இதனால் தொழிலாளர்களுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு கூடுமா, செலவுதான் கூடுமா?

பதில்: இரண்டும் கூடும். ஆனால் உங்கள் பட்டறையில் இந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கருத்து.

மின்னோட்டம் உள்ள பாகங்களை ஆள் தொடாமல் தடுப்பது பெட்டியின் முதல் வேலை. கட்டட மின்னமைப்புகளுக்கான ஐ.இ.சி. 60364 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, மின்பாகங்களை மூடும் பெட்டியில் விரல் நுழையக்கூடிய இடைவெளி பொதுவாக இருக்கக் கூடாது, 12.5 மில்லிமீட்டர் என்ற அளவு இதற்காக வகுக்கப்பட்டதுதான். கைக்கு எட்டும் கிடைமட்டமான மேற்பரப்புக்கு அதே தரம் இன்னும் கடுமையான அளவை, அதாவது 1 மில்லிமீட்டரை வைத்திருக்கிறது. திருகு, ஆணி, கம்பித்துண்டு என்று கையில் இருப்பதையெல்லாம் நாம் பெட்டியின் தலையில்தான் வைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். பெட்டியைச் சாவியோ கருவியோ கொண்டு மட்டுமே திறக்க முடிய வேண்டும், அல்லது மின்சாரத்தைத் துண்டித்த பிறகே திறக்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்பதும் அத்தரம் ஏற்கும் வழிகளில் அடங்கும்.

மரத்தூள் நிறைந்த இடத்தில் பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. முனையங்களின் மேல் படியும் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு முனையங்களுக்கு நடுவே மின்னோட்டம் மெதுவாகக் கசியும் பாதையாக மாறுகிறது; அந்தப் பாதை கருகிக் கரியானதும் கசிவு பெருகி, ஒருநாள் தீப்பொறியில் முடிகிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும்போது அதன்மேல் தூள் படிந்திருந்தால் அந்தத் தூளே எரிபொருளாகிறது. மூடிய பெட்டி தூளை வெளியில் நிறுத்துவதோடு, உள்ளே பொறி பறந்தாலும் அது மரச்சீவல் குவியலில் விழாமல் பெரும்பாலும் தடுத்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். உலோகப் பெட்டியை எர்த் செய்யாமல் பொருத்தினால், உள்ளே ஒரு கம்பி கழன்று உடலைத் தொட்ட நொடியில், பாதுகாப்புக்காக வாங்கிய பெட்டியே ஷாக் அடிக்கும் பெட்டியாகிவிடும். கதவில் சுவிட்சோ விளக்கோ பொருத்தியிருந்தால் கதவையும் உடலையும் வளையக்கூடிய செப்புப் பின்னல் கம்பியால் இணைக்க வேண்டும். கீல் வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், எர்த் போல்ட் அமரும் இடத்தில் பெயின்ட் சுரண்டப்பட்டிருக்கிறதா, அல்லது பெயின்டைக் கிழித்துக்கொண்டு இறங்கும் பல் வாஷர் போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. செய்யும் வேலையைப் பெட்டி செய்யாது, பெட்டியின் வேலையை அதுவும் செய்யாது.

கேள்வி: கடைக்காரர் ஐ.பி. 54, ஐ.பி. 65, ஐ.பி. 67 என்று மூன்று வகைகளைக் காட்டினார். எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அது ஒரே எண் அல்ல, பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்ட இரண்டு எண்கள். ஐ.இ.சி. 60529 என்ற தரத்தில் இவற்றின் பொருள் விளக்கப்பட்டிருக்கிறது. முதல் இலக்கம் திடப்பொருளையும் தூசியையும் பற்றியது: 2 என்றால் விரல் நுழையாது, 4 என்றால் 1 மில்லிமீட்டர் கம்பி நுழையாது, 5 என்றால் தூசி சிறிது புகலாம் ஆனால் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் புகாது, 6 என்றால் தூசி புகவே புகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீரைப் பற்றியது: 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும்; 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பாயும் குழாய் நீரைத் தாங்கும். 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகப் பாய்ச்சலைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கேடு விளைவிக்கும் அளவுக்கு நீர் உள்ளே போகாது.

பலர் ஏமாறும் இடம் இந்த ஏழில்தான் இருக்கிறது. மூழ்குவதைத் தாங்கும் பெட்டி, குழாய் நீரின் பாய்ச்சலையும் தாங்கும் என்று அத்தரம் எங்கும் சொல்லவில்லை, ஏனெனில் அவை வெவ்வேறு சோதனைகள். தளத்தைக் குழாய் நீரால் கழுவும் இடத்துக்கு ஐ.பி. 67 மட்டும் எழுதிய பெட்டியைவிட ஐ.பி. 65 அல்லது 66 பெட்டி பொருத்தமானது. இரண்டும் தேவையென்றால் இரண்டு சோதனைகளிலும் தேறியதாக, ஐ.பி. 66/67 என்று சேர்த்து எழுதியிருக்க வேண்டும். சூடான நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் உணவு ஆலைகளுக்கு 9 என்ற தனி இலக்கம் உண்டு.

ஐ.பி. எண் மோதலைப் பற்றியும் துருவைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையோரத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஐ.கே. எண்ணையும் கேளுங்கள். ஐ.கே. 08 என்பது 5 ஜூல் மோதலையும், ஐ.கே. 10 என்பது 20 ஜூல் மோதலையும் குறிக்கும். பின்னது 5 கிலோ எடை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஃபோர்க்லிஃப்ட்டின் முன்கரம் அதைவிடப் பலமடங்கு வலுவாக மோதும் என்பதால், எண் எதுவாக இருந்தாலும் அங்கே தரையில் இரும்புத் தடுப்பு ஒன்றும் தேவை.

கேள்வி: ஐ.பி. 65 பெட்டியைத்தான் வாங்கி வெளிச்சுவரில் பொருத்தினோம். ஆறே மாதத்தில் உள்ளே தண்ணீர் நிற்கிறது. விற்றவர் பெட்டியில் குறையில்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், இப்படி வரும் புகார்களில் விற்றவர் சொல்வது சரியாக இருந்துவிடுவது உண்டு. கதவில் எழுதியிருக்கும் எண் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நிலையில் உள்ள பெட்டிக்கு உரியது. அதில் நீங்கள் ஒரு துளை போட்டதும் அந்த எண் உங்கள் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. துளைக்குள் பொருத்திய கேபிள் கிளாண்ட், அதாவது கேபிளைச் சுற்றி இறுக்கித் துளையை அடைக்கும் உறுப்பு, அதே தரத்தில் இல்லாவிட்டால், பெட்டியின் மொத்தத் தரமும் அந்தக் கிளாண்டின் தரத்துக்கு இறங்கிவிடும். தடித்த கேபிளுக்கான கிளாண்டில் மெல்லிய கேபிளை நுழைத்து டேப் சுற்றியிருப்பார்கள். ஒரு கிளாண்டில் இரண்டு கேபிள்களைத் திணித்திருப்பார்கள். பயன்படாத துளையை அடைப்பான் போட்டு மூடாமல் விட்டிருப்பார்கள். கேபிளைக் கீழிருந்து கொண்டுவராமல் மேலிருந்து இறக்கியிருந்தால், மழைநீர் அதன்மேலேயே வழிந்து நேராகத் துளையைத் தேடி வந்துவிடும். இவற்றில் எது நடந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அடுத்து கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைப் பாருங்கள். சுவர் சமமில்லாமல் இருக்கும்போது நான்கு போல்ட்டுகளையும் இறுக்கினால் பெட்டியின் உடல் முறுக்கிக்கொண்டு, கதவு ஒரு மூலையில் மட்டும் அமராமல் நிற்கும். பட்டையின் மேல் பெயின்ட் பட்டிருந்தாலும், நெடுநாள் அழுத்தத்தில் தட்டையாகி மீண்டெழாமல் போயிருந்தாலும் நீர் கசியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நீர் நிற்கிறதென்றால், அது வெளியிலிருந்து வந்த நீராக இல்லாமலும் இருக்கலாம். வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது, இரவில் குளிரும்போது ஈரக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குளிர்ந்த உலோகத்தின் மேல் பனித்துளியாகப் படிகிறது. நன்றாக மூடிய பெட்டியில் இப்படிச் சேர்ந்த நீருக்கு வெளியேற வழியும் இல்லை. அழுத்தத்தைச் சமன் செய்து நீரை வெளியேற்றும், பெட்டியின் தரத்துக்கு ஈடான வடிகால் அடைப்பானை அடிப்பகுதியில் பொருத்துவதும், தெர்மோஸ்டாட்டோடு கூடிய சிறு ஹீட்டர் ஒன்றை உள்ளே வைப்பதும் இதற்கான தீர்வுகள். ஆணியால் அடியில் ஓட்டை போட்டு நீரை வடிப்பது தீர்வாகாது. எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் வந்து குறுக்குச்சுற்றில் மாண்டு கிடக்கும்.

கேள்வி: இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளாஸ்டிக் ஆகியவற்றில் எதை வாங்குவது?

பதில்: உலர்ந்த உட்புறத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்த இரும்பே போதும். கடலோரக் காற்றும் குளோரின் கலந்த நீரும் படும் இடங்களில் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாகத் துரு விழும். அங்கே 316 வகையைக் கேளுங்கள். பாலிகார்பனேட்டும் கண்ணாடி இழைப் பெட்டிகளும் துருப்பிடிக்காது, மின்சாரத்தையும் கடத்தாது. ஆனால் வெயிலில் வைக்கப் போகிறீர்கள் என்றால் புறஊதாக் கதிரைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் சாதாரணப் பிளாஸ்டிக் சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

கேள்வி: எங்கள் பேனலுக்குள், அதாவது கருவிகள் பொருத்திய பெட்டிக்குள், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் இருக்கின்றன. சூட்டில் அடிக்கடி நின்றுவிடுவதால் கதவைத் திறந்து வைத்து எதிரே ஒரு மின்விசிறியை ஓட விடுகிறோம். இது தவறா?

பதில்: தவறு. கதவு திறந்திருக்கும் வரை உங்களிடம் பெட்டியே இல்லை என்றுதான் பொருள். இது வாங்கும்போதே நேர்ந்த பிழை: உள்ளே எத்தனை வாட் வெப்பம் உண்டாகும் என்பதைக் கணக்கிடாமல் அடக்கமான அளவில் பெட்டியை எடுத்திருக்கிறார்கள். பெரிய பெட்டிக்கு மாற்றலாம். வடிகட்டி விசிறி பொருத்தலாம், ஆனால் பொதுவாக அதனால் ஐ.பி. தரம் 54 அளவுக்குக் குறையும், வடிகட்டியையும் ஒழுங்காகச் சுத்தம் செய்ய வேண்டும். தூசி மிகுந்த இடமென்றால் உட்காற்றும் வெளிக்காற்றும் கலக்காத வெப்பப் பரிமாற்றியோ பேனல் ஏ.சி.யோ போடலாம்.

கேள்வி: பேனலின் கதவில் உள்ள மெயின் சுவிட்சை அணைத்தால்தான் கதவு திறக்கிறது. அப்படியானால் திறந்த பிறகு உள்ளே எதைத் தொட்டாலும் ஆபத்தில்லை அல்லவா?

பதில்: ஆபத்து உண்டு, ஐயா. இந்த எண்ணத்தில் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் மேல்முனையங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த முனையங்களுக்குத் தனி மறைப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். டிரைவ்களில் உள்ள மின்தேக்கிகள் அணைத்த பிறகும் சில நிமிடங்கள் மின்னேற்றத்தோடு இருக்கும், காத்திருக்க வேண்டிய நேரம் அவற்றின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். வேறொரு பேனலிலிருந்து வரும் கட்டுப்பாட்டுக் கம்பிகளிலும் மின்சாரம் இருக்கலாம். எனவே அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, சரியாக வேலை செய்கிறது என்று உறுதி செய்த சோதனைக் கருவியால் ஒவ்வொரு முனையத்தையும் சோதித்த பிறகே தொட வேண்டும். பூட்டுப் போடும் துளை உள்ள கைப்பிடி இல்லாத சுவிட்சை வாங்க வேண்டாம்.

பெரிய பேனல்களில் ஆர்க் ஃபிளாஷ் என்ற ஆபத்தும் இருக்கிறது. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் உண்டாகும் மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆவியாகும் செம்பு வெடிப்புப் போலக் கதவைத் தள்ளும். சாதாரணப் பெட்டிகள் இதைத் தாங்குவதற்காகச் சோதிக்கப்பட்டவை அல்ல. ஐ.இ.சி. 61641 அறிக்கையின் வழிமுறைப்படி உள்வில் சோதனை செய்யப்பட்டதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: பெயின்ட் தெளிக்கும் அறைக்குள் ஐ.பி. 66 பெட்டி போதுமா?

பதில்: போதாது. தூசிக்கும் நீருக்குமான எண் அது. எரியும் ஆவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முடிந்தால் பெட்டியை அறைக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள், அதுவே சிக்கனமும்கூட. உள்ளேதான் இருக்க வேண்டுமென்றால் ஐ.இ.சி. 60079 வரிசைத் தரத்தின்படி சான்று பெற்ற பெட்டி தேவை. அதில் கூடுதலாக ஒரு துளை போட்டாலும், ஒரு போல்ட்டைப் போடாமல் விட்டாலும் சான்று செல்லாது.

கேள்வி: வாங்கும்போது எந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: வெறும் பெட்டி என்றால் ஐ.இ.சி. 62208, கருவிகள் பொருத்திய முழுப் பேனல் என்றால் ஐ.இ.சி. 61439 ஆகியவற்றின்படி சோதிக்கப்பட்டதற்கான அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கையில் உள்ள மாடல் எண் நீங்கள் வாங்கும் பெட்டியினுடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியம். அதே நிறுவனத்தின் வேறொரு பெட்டிக்கான அறிக்கையைக் காட்டுவது வழக்கத்தில் இருக்கிறது. வெறும் பெட்டிக்கான அறிக்கை, அதற்குள் கருவிகளைப் பொருத்தி அமைத்த பேனலுக்குச் சான்றாகாது. விலைப்பட்டியலில் ஐ.பி. 65 தரத்துக்கு நிகரானது என்று எழுதியிருந்தால், சோதனை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்து இறங்கியதும் ஒரு தாளைக் கதவுக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கதவின் நான்கு பக்கங்களில் எங்காவது, முக்கியமாகக் கீல் உள்ள பக்கத்தின் மூலைகளில், தாள் தடையில்லாமல் வழுக்கி வந்தால் பட்டை அழுந்தவில்லை என்று பொருள். இது சோதனைக்கூடச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் ரசீதில் கையெழுத்திடும் முன் செய்துவிடலாம்.