பெரிய பேராசிரியரிடம் யோசனை கேட்கலாமா?

கேள்வி: பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். அடுத்து போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்தபின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி) போவதா, நிறுவன வேலைக்குப் போவதா என்று குழப்பம். என் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்க ஆசை. அறிமுகம் இல்லை. தொந்தரவாக நினைப்பாரோ?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். உதவி கேட்டால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதை நாம் குறைத்தே கணக்கிடுகிறோம் என்று ஃப்ளின், லேக் என்ற உளவியலாளர்கள் 2008-லேயே காட்டியிருக்கிறார்கள். பேராசிரியர்களைச் சோர்வடையச் செய்வது, "என் எதிர்காலம் பற்றி வழிகாட்டுங்கள் ஐயா" என்று மொட்டையாக வரும் மெயில்தான். அதற்கு எங்கிருந்து பதில் எழுதத் தொடங்குவது?

இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் கட்டுரையில் உள்ள ஆய்வுமுறையைத்தான் என் இரண்டாம் அத்தியாயத்தில் கையாள்கிறேன். ஆய்வேடு முடிய ஓராண்டு இருக்கிறது. போஸ்ட்டாக்குக்கு ஆள் எடுக்கும்போது இதே முறையில் ஆழப் போனவரை விரும்புவீர்களா, வேறொரு முறையும் சேர்த்துக் கற்றவரையா? 15 நிமிடம் பேச முடிந்தால் மகிழ்ச்சி. இரண்டு வரி பதில் போட்டாலும் போதும்."

அந்தக் கடைசி வரி முக்கியம். நேரமில்லாதவரும் பதில் போட அது வழிவிடுகிறது. சி.வி.யை இணைக்காதீர்கள், இணைத்தால் வேலை கேட்டு வந்த மெயில் என்றுதான் படிப்பார். மெயில் முகவரி பெரும்பாலும் அவருடைய கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

ஆனால் எதை யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூத்தவர் வேலைக்குச் சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். இன்றைய போட்டியை அவர் விண்ணப்பதாரராகச் சந்தித்ததில்லை. "நல்ல கட்டுரை எழுது, வேலை தானாக வரும்" என்பார். அவர் காலத்தில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம். தேர்வுக்குழுவில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் என்பதால், எந்த விண்ணப்பம் ஏன் கழிக்கப்படுகிறது, எந்த ஆய்வுத் தலைப்புக்கு மவுசு குறைகிறது என்பதை அவரிடம் கேளுங்கள். வேலை தேடும் அலைச்சலை, அண்மையில் பணியில் சேர்ந்தவரிடம் கேளுங்கள். நிறுவன வேலை பற்றி, பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியவரைத் தவிர வேறு யாரிடமும் கேட்டுப் பயனில்லை.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் நெறியாளரிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஒரே துறைக்காரர்கள் ஏதாவதொரு கருத்தரங்கில் சந்தித்துக்கொள்வார்கள். செய்தி அங்கே போய்ச் சேர்ந்து, நெறியாளர் தப்பாக எடுத்துக்கொள்ள இடம் வைக்க வேண்டாம்.