டேப்ல ரெக்கார்ட் பண்ண எந்த பத்திரிகை படிக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், கால் இன்ச் அகல டேப் ஓடற ரீல் மெஷின் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, அதுல சொந்தமா பாட்டு ரெக்கார்ட் பண்ணணும்னு ஆசை. ஆனா எந்த பத்திரிகைய பிரிச்சாலும் பிளக்-இன், லேப்டாப், சாஃப்ட்வேர் தான். அனலாக் ரெக்கார்டிங்குக்குன்னே, அதாவது கம்ப்யூட்டர் இல்லாம டேப்ல பண்றதுக்குன்னே, பத்திரிகை இருக்கா?

பதில்: முழுக்க முழுக்க அனலாக் மட்டும்னு தேடினா ஏமாந்துதான் போவீங்க. இப்ப வர்றதுல உங்க ஆசைக்கு ரொம்ப கிட்ட வர்றது அமெரிக்காவோட 'டேப் ஆப்'. 1996ல லாரி கிரேன் ஆரம்பிச்சது, பேர்ல டேப் இருந்தாலும் உள்ள டிஜிட்டலும் வரும், ஆனா பேட்டிதான் அதுல விசேஷமே, மைக்க எங்க வெச்சாங்க, எந்த மெஷின்ல ஓட்டினாங்க, எது சொதப்பிச்சுன்னு ரெக்கார்டிங் பண்றவங்களே உக்காந்து பேசற மாதிரி இருக்கும். டிஜிட்டல் பதிப்புக்கு சந்தா இலவசம், அதனால யோசிக்காம போட்டுடுங்க. அடுத்தது இங்கிலாந்தோட 'சவுண்ட் ஆன் சவுண்ட்', 1985லேர்ந்து வருது, இன்னிக்கு இதழ் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சமாச்சாரம்தான், ஆனா 'கிளாசிக் டிராக்ஸ்'னு ஒரு தொடர் உண்டு, பிரபலமான பாட்டுங்கள ஸ்டூடியோவுல எப்படி ரெக்கார்ட் பண்ணாங்கன்னு விலாவாரியா சொல்லும், அத மட்டும் தேடிப் படிச்சாலே போதும்.

ஆனா என்னைக் கேட்டா புதுசு பின்னாடி ஓடாதீங்க, பழைய இதழ்களோட ஸ்கேனைத் தேடுங்க. இங்கிலாந்தோட 'ஸ்டூடியோ சவுண்ட்', அமெரிக்காவோட 'டிபி' (db), 'ரெக்கார்டிங் இன்ஜினியர் புரொட்யூசர்', 1977ல ஆரம்பிச்ச 'மிக்ஸ்', இதோட எல்லாம் எழுபது எண்பதுகள் இதழ்ங்க நெட்ல ஸ்கேனா கிடைக்குது. ஒரு விஷயம், தேடும்போது அனலாக்னு போட்டா பெருசா ஒண்ணும் மாட்டாது, ஏன்னா அந்தக் காலத்துல எல்லாமே டேப்தான், தனியா ஒரு பேர் சொல்லி எழுத வேண்டிய அவசியமே இல்ல. அலைன்மென்ட் (மெஷின அளவு பாத்து சரி பண்றது), பயாஸ் (ரெக்கார்ட் பண்றப்ப பாட்டோட சேத்து டேப்புக்கு குடுக்கற, காதுக்கு கேக்காத சிக்னல்), மல்டிடிராக் (தனித்தனி டிராக்கா பதியறது), ஹெட் (டேப்ல பதியற, படிக்கற காந்தப் பாகம்) இந்த மாதிரி போட்டுப் பாருங்க, கொட்டும்.

அதுல என்ன கிடைக்கும்னா, இன்னிக்கு டேப்போட சூடு, இதம்னு உருகி உருகி எழுதறாங்க இல்ல, அதெல்லாம் இருக்காது, வேலை மட்டும்தான் இருக்கும். முதல்ல ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வெச்சு துடை, அதுல ஏறியிருக்கற காந்தத்தன்மைய நீக்கு, அப்புறம் கேலிப்ரேஷன் டேப்ப (டோன், அதாவது அளவான ஒரே மாதிரி சத்தம், பதிஞ்ச டேப்ப) போட்டு பிளேபேக்க சரி பண்ணு, அதுக்கு அப்புறம்தான் ரெக்கார்ட் பக்கமே போகணும். இந்த வரிசைய மாத்தினா போச்சு, ஏன்னா ரெக்கார்ட் ஆனது சரியா தப்பான்னு பிளேபேக் வழியாத்தானே பாக்கறோம், அதுவே கோணலா இருந்தா எல்லாமே கோணல்தான். பயாஸ் செட் பண்றதும் அப்படித்தான், 10 கிலோஹெர்ட்ஸ் டோன் குடுத்துட்டு பயாஸ மெதுவா ஏத்திட்டே போகணும், மீட்டர் உச்சிக்குப் போய் திரும்ப இறங்க ஆரம்பிக்கும், எத்தனை டெசிபல் இறங்கினதும் நிறுத்தறதுங்கறது டேப்பையும் வேகத்தையும் ஹெட்டோட இடைவெளியையும் பொறுத்தது. விளம்பரத்தையும் தாண்டிப் போகாதீங்க, உங்க மெஷின் புதுசா வந்தப்ப என்ன சொல்லி வித்தாங்கன்னு அதுல இருக்கும்.

கேள்வி: என்கிட்ட இருக்கறது கேசட்ல நாலு டிராக் தனித்தனியா பதியற மெஷின் மட்டும்தான். இந்த பெரிய ஸ்டூடியோ பத்திரிகை எல்லாம் எனக்கு எதுக்கு?

பதில்: உங்களுக்கு அது வேணாம், இங்கிலாந்தோட 'ஹோம் அண்ட் ஸ்டூடியோ ரெக்கார்டிங்' எண்பதுகள் இதழ்கள் போதும். 1979ல டீயாக் கம்பெனி போர்ட்டாஸ்டூடியோ 144ங்கற கேசட் நாலு டிராக் மெஷின கொண்டு வந்ததும்தான் வீட்ல நாலு டிராக் பண்றது சாதாரண ஆளுக்கும் எட்டிச்சு, அந்த கூட்டத்துக்காகவே எழுதின மாதிரி இருக்கும். மூணு டிராக்க நாலாவதுல பவுன்ஸ் பண்ணி, அதாவது ஒண்ணா கலந்து பதிச்சு, மறுபடி இடம் பிடிக்கற வித்தையெல்லாம் அங்க கரைச்சு குடிக்கலாம்.

கேள்வி: ஹை-ஃபை பத்திரிகை ரெண்டு வாங்கறேன், அதுலயும் டேப் பத்தி வருதே, அது ஆகாதா?

பதில்: அது கேக்கறவங்களுக்கு, நீங்க ரெக்கார்ட் பண்றவர். ரசிச்சுப் படிங்க, வேலைக்கு ஆகாது.

கேள்வி: பழைய இதழ்ல ஆம்பெக்ஸ் 456 டேப்ப போடு, லெவல (பதியற சத்தத்தோட அளவ) இவ்ளோ வைன்னு இருக்கு. இப்ப எங்க போறது?

பதில்: அத கடைசியா தயாரிச்ச குவான்டெஜி கம்பெனி 2005 ஜனவரியில திடீர்னு தயாரிப்ப நிறுத்தி ஸ்டூடியோக்காரங்கள எல்லாம் அலறவிட்டுது. இப்ப புது டேப்புன்னா அமெரிக்காவுல ஏடிஆர் மேக்னடிக்ஸ், பிரான்ஸ்ல ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ். கவர் பிரிக்காத பழைய 456 கிடைக்குதுன்னு யாராவது ஆசை காட்டினா வாங்கிடாதீங்க, அதோட பசை காத்துல இருக்கற ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு ஆகி ஹெட்ல அப்பிக்கும். முறைக்கு பழைய இதழ வெச்சுக்கோங்க, பயாஸ், லெவல் நம்பருக்கு மட்டும் நீங்க வாங்கற டேப்போட டேட்டா ஷீட்டைப் பாருங்க.