வாசகர் கேள்விகள்: மணலுக்குள் இருந்து எழுந்த சர்ச்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன் லீவுக்குக் கார்ன்வால் கடற்கரைப் பக்கம் போய்விட்டு ஒரு படம் அனுப்பினான். கோல்ஃப் மைதானத்துக்குள்ளே கோணல் கோபுரத்தோடு ஒரு குட்டி சர்ச். எது முதலில் வந்தது, சர்ச்சா மைதானமா? யார் போட்ட மைதானம் அது? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: சர்ச்தான் மூத்தது ஐயா, பல நூறு வருஷம் மூத்தது. உங்கள் மகன் போனது செயின்ட் எனடாக். கேமல் ஆறு கடலில் சேரும் இடத்தில், ராக் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. அந்தச் சர்ச்சின் கதை மைதானத்தின் கதையைவிடச் சுவையானது. காற்று அள்ளிக் கொண்டுவந்து போட்ட மணலில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து, கடைசியில் உள்ளே போக வாசலே இல்லாமல் போய்விட்டது. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பூசை நடந்தால்தான் அது சர்ச் என்ற கணக்கில் நிற்கும் என்பதால், பாதிரியாரைக் கூரை வழியாக உள்ளே இறக்கிவிடுவார்களாம். 1864-ல்தான் மணலைத் தோண்டி எடுத்துப் பழுது பார்த்தார்கள். ஆங்கிலக் கவிஞர் ஜான் பெட்ஜமனின் கல்லறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

சர்ச்சைப் புதைத்த அதே மணல்தான் மைதானத்துக்கும் அஸ்திவாரம். கிளப் 1890-ல் ஆரம்பித்தது. இன்றைய பதினெட்டுக் குழிகளுக்கு (ஒரு குழி என்றால் பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய துளை வரையுள்ள பாதை) அடிப்படை போட்டவர் ஜேம்ஸ் பிரெய்டு, 1907-ல். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை 1901-லிருந்து 1910-க்குள் ஐந்து தடவை ஜெயித்தவர். கப்பலில் ஏறினால் வயிற்றைப் புரட்டும் என்பதால் வெளிநாட்டு வேலைகளைத் தட்டிக்கழித்துவிட்டு, பிரிட்டனுக்குள்ளேயே ரயிலில் சுற்றி ஏகப்பட்ட மைதானங்களைப் போட்டார். இப்போது மாதிரி புல்டோசர் வைத்து மலையைக் கரைக்கிற காலமில்லை, மண்வெட்டியும் குதிரை வண்டியும்தான். அதனால் மேடு மேடாகவே இருந்தது, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. எதைத் தாண்டி எங்கே அடிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்தார். கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது என்பேன்.

உதாரணத்துக்கு ஆறாவது குழி. நடுவே எழுபது எண்பது அடி உயரத்துக்கு ஒரு மணல் மேடு, அதன் முகத்தில் ஆவென்று வாயைத் திறந்த பங்கர் (பந்தை மாட்டவைக்கும் மணல் பள்ளம்), பெயர் ‘ஹிமாலயா’. அதற்குப் பின்னால் கிரீன், அதாவது துளை இருக்கும் புல்தரை, எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது, குறிபார்த்து அடித்துவிட்டுச் சாமியைக் கும்பிட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத இலக்கை வைப்பது ஏமாற்று என்று இன்றைக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். பத்தாவது குழி சர்ச்சை நோக்கிப் போகிறது, நீளமானது, ஒரு பக்கம் சதுப்பு, மறுபக்கம் மேடு, அடி பிசகினால் பந்தை மறந்துவிடலாம்.

இன்னொன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து நம் முன்னோரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொண்டுவந்து இறக்கிய முதல் கப்பலின் பெயர் ‘ட்ரூரோ’ இல்லையா? ட்ரூரோ என்பது அதே கார்ன்வாலின் தலைநகரம். மகனை அங்கேயும் ஒரு எட்டுப் போய்ப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிவியில் காட்டும் இங்கிலாந்துக் கடற்கரை மைதானங்களில் மரமே இல்லை, புல்லும் காய்ந்து கிடக்கிறது. இதையா அழகு என்கிறார்கள்? (வாசகி, டொங்காட்)

பதில்: ஆமாம் அம்மா, அதைத்தான். உப்புக் காற்றில் மரம் எழும்பாது. மணல் தரை மழைத்தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும், அதில் மெல்லிய ஃபெஸ்க்யூ புல்தான் நிற்கும். நம் வீட்டு முற்றத்துக் கிக்குயு புல் மாதிரி பந்தை மெத்தையில் ஏந்திக்கொள்ளாது. விழுந்த பந்து உருண்டுகொண்டே போகும், எங்கே நிற்கும் என்பது காற்றுக்கும் மேட்டுக்கும்தான் வெளிச்சம்.

கேள்வி: அந்த மாதிரி நம் டர்பனில் உண்டா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: டர்பன் கன்ட்ரி கிளப்பைச் சொல்லலாம். 1922-ல் லாரி வாட்டர்ஸும் ஜார்ஜ் வாட்டர்மனும் போட்டது. புதர்க்காடு மண்டியிருப்பதால் இங்கிலாந்து மைதானம் போல மொட்டையாக இருக்காது, ஆனால் இதுவும் கடலோர மணல் மேட்டின் மேல்தான் ஏறி இறங்குகிறது. ஆரம்பக் குழிகளிலேயே உங்களை ஒரு வழி பண்ணிவிடும்.

அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது என்னால் நம் இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பாப்வா சூகோலமை விட்டுவிட்டுப் பேச முடியாது. பக்கத்து பீச்வுட் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்த கேடிப் பையன், பள்ளிக்கூடம் போகாதவர். எல்லாரும் மட்டையை வலக்கையைக் கீழே வைத்துப் பிடித்தால் இவர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பார். அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று தடவை நெதர்லாந்தின் டச்சு ஓப்பன் போட்டியை ஜெயித்தார். 1963-ல் இதே கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் ஜெயித்தார். நிறவெறிச் சட்டம் இந்தியரைக் கிளப் ஹவுசுக்குள் விடாததால் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் இன்றைக்கு அவர் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. ஃபீனிக்ஸிலிருந்து கிட்டத்தான்.